இரண்டு வார அனுமதி

உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் ஒன்பது வருடம்.
கடப்பிதழைத் திறப்பேன், முகம் பார்ப்பேன்,
கட்டைவிரலை வைக்கச் சொல்வேன்.
விடியற்காலை நாலரைக்கே மோட்டார் சைக்கிள்கள்
மழையைச் சுமந்துவந்து நிற்கும்.
எத்தனை பேரை உள்ளே விட்டிருப்பேன், எண்ணியதில்லை.

பிள்ளையைத்தான் என் ரத்தம் விடமாட்டேன் என்கிறது.

எனக்கு நெகட்டிவ் வகை.
இந்த ஊரில் நூறு பேரைத் தட்டினாலும்
ஓரிருவர் தேறுவதே அரிது.
குணாளனுக்குப் பாசிட்டிவ். பிள்ளை அப்பாவைக் கொண்டிருக்கிறாள்.
அது தெரிந்ததும் என் ரத்தம்
அவளுடைய சிவப்பணுக்களை ஒவ்வொன்றாக நிறுத்தி
அந்நியர் என்று முத்திரை குத்துகிறது.
திருப்பி அனுப்ப இடமேது?
அங்கேயே உடைத்துப்போடுகிறது.

டாக்டர் டியோ மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில்
இரண்டு வட்டம், ஒரு கோடு வரைந்தார்.
பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்:
"இதற்கு முன் கர்ப்பம் உண்டா?
ஒருமுறை பார்த்த முகத்தைத்தான்
ரத்தம் இப்படி அடையாளம் வைத்துக்கொள்ளும்."

உண்டு.
பதினோராம் வாரம்.
குணாளன் நடுக்கடலில், எண்ணெய் மேடையில்.
நான் மார்சிலிங் வீட்டுக் குளியலறையில்,
குழாயை முழுதாகத் திறந்துவிட்டு.
மறுநாள் இரவு வேலைக்குப் போனேன்.
எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் ஓர் ஊசி போட்டிருந்தால்
இதெல்லாம் வந்திருக்காதாம்.
யாரிடமும் சொல்லவில்லை, எவர் போடுவார்?

பக்கத்து நாற்காலியில் குணாளன்
என்னைப் பார்க்கவில்லை.
அந்த இரண்டு வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இருபத்தாறாம் வாரம்.
ரோஸ்னா குளிர்ந்த ஜெல்லைத் தடவி
பிள்ளையின் மூளைக்குப் போகும் குழாயைத் திரையில் பிடித்தாள்.
அலைகள் உயர உயர எழுந்தன.
வேகம் நல்லதுதானே என்றேன்.
"இல்லை, காக். நீர்த்துப்போன ரத்தம்தான் இப்படி ஓடும்."

ரத்த வங்கி யார் யாருக்கோ போன் செய்தது.
வந்தவர் யாரென்று சொல்லமாட்டார்கள்.
தெம்பனிஸ்காரர் என்று நானே வைத்துக்கொண்டேன்,
சாப்பாட்டில் பாதியில் எழுந்து வந்தார் என்றும்.
என் வரிசையில் ஒருநாள் நின்றிருப்பார்,
தொப்பியைக் கழற்றச் சொல்லியிருப்பேன்.

முதலில் பிள்ளை அசையாதிருக்க ஒரு மருந்து.
பிறகு கொடிக்குள்,
பென்சில் பருமன்கூட இல்லாத நாளத்துக்குள் ஊசி.
திரையில் அதன் முனை ஒரு வெள்ளைப் புள்ளி.
டாக்டர் டியோ மூச்சை அடக்கினார். நானும்.
நாற்பது மில்லி.
கோப்பிக் கடையில் கிளாசின் அடியில் ஊற்றும் பாலளவு.
திரையில் அது தூறல்போல மினுங்கிப் போனது.

அசைவு திரும்ப இரண்டு மணி நேரம் ஆகலாம் என்றார்கள்.
வார்டில் மைலோ ஆறி ஆடை படிந்தது.
ஜன்னலோரம் நின்றபடியே குணாளன் கேட்டான்,
"என்ன தேதி அது?"
சொன்னேன்.
போனை எடுத்து மாதங்களைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனான்.
"அன்றைக்கு உன்னைக் கூப்பிட்டிருக்கிறேன்.
என்ன சத்தம், மழையா என்று கேட்டேன்."

ஆமாம்.
மழை என்றேன்.

இரண்டு மணி நேரம் தாண்டியது.
விலாவுக்குக் கீழே ஒரு தட்டு.
நான் அவனைக் கூப்பிடவில்லை,
இன்னொன்று வரட்டும் என்று கிடந்தேன்.
வந்தது.
கூப்பிட்டேன்.

இப்போது அவளுக்குள் பாதிக்குமேல் ஓடுவது
என்னுடையதில்லை, அவனுடையதுமில்லை.
என் ரத்தம் அதை மறிக்காது,
காகிதமெல்லாம் சரியாக இருக்கிறது.
அதுவும் தேயும்.
மறுபடி ஊசி, மறுபடி எங்கோ ஒருவருக்கு போன்.

தாதி அடுத்த தேதியை எழுதித் தந்தார்.
பதினான்கு நாள்.
வாங்கியதும் தேதியை இருமுறை சரிபார்த்தேன்,
தொழில் பழக்கம்.