கழிவு

கொளப்பள்ளியில் கொழுந்து நிறுக்கும்போது
ஈரத்துக்கு இரண்டு கிலோ கழிப்பார் கணக்கப்பிள்ளை.
ஊட்டி ஆஸ்பத்திரித் தராசிலும் கழிக்கிறார்கள்:
துணிக்கு, டியூபுக்கு, கன்னத்தில் ஒட்டிய பிளாஸ்திரிக்கு.
மிச்சம் தொள்ளாயிரத்து எண்பது கிராம்.
ஏழாம் மாதமே அவசரப்பட்ட என் மகள்.

இரண்டு மணிக்கொருதரம் ஒரு மில்லி.
சிஸ்டர் பிலோமின் ஊசிக்குழலை உயர்த்திப் பிடிப்பாள்,
தள்ள மாட்டாள்.
பால் தானாக இறங்க வேண்டுமாம்.
மீதி ஃபிரிட்ஜில்,
லோகேஸ்வரி, கட்டில் பதினேழு என்ற சீட்டோடு.

நாலாம் நாள் குழாயில் திரும்பி வந்தது
பச்சை.
கொழுந்தின் பச்சை இல்லை.
பாலை நிறுத்தினார்கள்.
'குடலுக்கு இன்னும் வேலை தெரியாதும்மா,
பழகட்டும்' என்றார் டாக்டர்.
வேலை தெரியாமல் மலையேறிய முதல் வருசம்
என் விரல்களும் அப்படித்தான்.
யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

விடிய விடிய நாடா வைத்து
அவள் வயிற்றை அளந்தார்கள்.
எனக்கு மார்பு கல்லாய்க் கட்டியது.
ஜன்னலுக்கு வெளியே மூடுபனி,
எதிர்ச் சுவரைக்கூடக் காணோம்.
பக்கத்துக் கட்டில்காரிக்குச் சுரக்கவில்லை;
பால் வங்கிக்குத் தருகிறாயா என்று கேட்டாள் பிலோமின்.
கைதான் தயங்கியது.
மார்பு தயங்கவில்லை.

ஆறாம் நாள், விடியக்காலை நாலரை,
என்னை உலுக்கி எழுப்பினாள்.
துணியில் கடுகளவு மஞ்சள்.
இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.
மோந்துகூடப் பார்த்தோம்.
'திரும்பவும் ஒரு மில்லியில் ஆரம்பிக்கலாம்'
என்றாள், கை கழுவப் போகிறபோது.

காலை எடையில் அந்தத் துணியையும் கழித்தார்கள்.
கழிக்கட்டும்.