ஏழாம் கூண்டு

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே தீரவேண்டும்.
சவூராப் பள்ளத்தாக்கில் இது செல்லாது.

இங்கே ஒரு மணல் எலி,
என் முஷ்டி அளவு,
ஜெர்பில் வகையறாவில் கொஞ்சம் பருத்த உறவு,
உப்புச்செடியின் இலையை இரு கையிலும் நிமிர்த்திப் பிடித்து
மேல்தோலைப் பல்லால் சீவி எறிகிறது,
அவசரமில்லாமல் கேரட் சீவுகிறவளைப் போல.
மிச்ச உப்பைச் சிறுநீரகம் பார்த்துக்கொள்ளும்.
மூளையின் அடியிலிருந்து வாசோபிரசின்
ரத்தத்தில் இறங்கிப் போய்ச் சொல்வது
ஒரே சேதிதான்:
விடாதே.
ஒரு சொட்டும் விடாதே.

நான் மலைநாட்டுக்காரி, மழையில் வளர்ந்தவள்.
நாற்பத்தொன்பது வயது.
மூன்று மாதமாக நள்ளிரவில் எழுந்து
நனைந்த சட்டையைக் கழற்றிக் கொடியில் போடுகிறேன்.
இந்தப் பாலையின் நடுவில்
இவ்வளவு தண்ணீர் எங்கே வைத்திருந்தது என் உடம்பு?
யாரைக் கேட்டு இறைக்கிறது?

பொறி வைப்பவர் பூஹஃப்ஸ்.
ஜனவரியில் ஆண் எலியைப் புரட்டிக் காட்டுவார்:
விதைகள் பேரீச்சங்கொட்டை அளவு.
ஜூனில் புரட்டினால்
மசூர் பருப்பு.
"கடையைச் சாத்திவிட்டான், டாக்டர் தவுஸ்."
டெஸ்டோஸ்டிரோன் அளக்கும் பெட்டி
துறைமுகச் சுங்கத்தில் பதினோரு வாரம் கிடந்து வந்தது.
வந்து,
கடை சாத்தியிருப்பதை உறுதி செய்தது.

அன்றிரவு குறிப்பேட்டின் ஓரத்தில்
பென்சிலால் எழுதினேன்: நானும்.
பிறகு அழித்தேன்.

ஐந்து முதல் எட்டு வரையான கூண்டுகளுக்கு
நகரத்துத் தீவனம்.
சாதாரண வெள்ளெலிகள் தின்று
சாதாரணமாக வாழும் தானிய உருண்டை.
ஆறே வாரம்.
ரத்தச் சர்க்கரை நானூற்றுப் பத்து.
பஞ்சத்துக்கென்று செய்த உடம்பு
விருந்தில் திணறுகிறது.
ஏழாம் கூண்டில் கண்கள் பாலாடை படியத் தொடங்கின.

பூஹஃப்ஸ் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.
"என் தம்பி" என்றார்.
சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

அவருடைய இன்சுலின் எங்கள் குளிர்பெட்டியில்தான் இருக்கும்,
சீரம் குழாய்களுக்குப் பக்கத்தில்,
மாறிவிடக்கூடாதென்று நான் பெயர் ஒட்டி வைத்தது.
அவருடைய தகப்பனார் ஒட்டகம் ஓட்டியவர்,
ஒரு கைப்பிடி பேரீச்சையில் ஒரு நாள் கடந்தவர்.
இவர் ஆய்வுக்கூட ஜீப் ஓட்டுகிறார்,
மும்முறை சர்க்கரை போட்டுத் தேநீர் குடித்தார்,
மருத்துவர் தடுக்கும்வரை.
ரமலான் நோன்பையும் தடுத்துவிட்டார் மருத்துவர்.
அந்த மாதம் முழுக்கப் பகல் சாப்பாட்டை
ஜீப்பின் மறைவில், முதுகைக் காட்டிக்கொண்டு,
திருடனைப் போலத் தின்றார்.

நோன்பு முடிந்த வாரம்
ஏழாம் கூண்டு முன்னூற்று இருபது.
அடுத்த வாரம் நூற்றுத் தொண்ணூறு.
பிறகு நூற்றுப் பத்து.
கருவி பழுதென்று கழற்றித் துடைத்தேன்.
என் விரலில் குத்திச் சரிபார்த்தேன்.
ஐந்து, ஆறு, எட்டு அப்படியே இருக்க
ஏழு மட்டும் இறங்குகிறது.

மரத்தூளைக் கிளறியபோது கிடைத்தது,
சீவி எறிந்த இலைத்தோல்,
மெல்லிசாக, உலர்ந்து, உப்பு மின்ன.

எட்டு மாத வேலை.
கத்தியிருக்கலாம்.
குறிப்பேட்டில் எழுதினேன்:
கூண்டு ஏழு. உணவு: பதிவாகாத பசுமை.
கணக்கிலிருந்து நீக்கப்பட்டது.
அவரிடம் கேட்டேன்:
"உங்களுடையது இன்று எவ்வளவு?"
பொறிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே சொன்னார்,
"எனக்கு யார் செடி பிடுங்கி வருவது?"
சொல்லிவிட்டு ஆற்றுப்படுகையின் பக்கம் போனார்,
கையில் வெறும் சாக்கோடு.

அன்றும் நள்ளிரவில் எழுந்தேன்.
கொடியில் போட்ட சட்டை
காய்வதற்குப் பத்து நிமிடம் ஆகவில்லை.
விடிந்ததும் பார்த்தால்
முதுகுப்புறத்தில் வெள்ளையாய் வளைந்த ஓர் உப்புக்கோடு.
வெயிலில் பிடித்துக்கொண்டு
நகத்தால் சீவிப் பார்த்தேன்.