இரும்புக்கடைக்காரன் பார்த்த படம்

பெரிய வியாழன் ராத்திரி
கோயில் காம்பவுண்டில் வேட்டி இரண்டை மூட்டிக் கட்டி
வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் படம் போட்டார்கள்.
தேரிக்காற்று துணியை உப்பவைத்தபோதெல்லாம்
ஆண்டவருடைய முகம் வீங்கி வடிந்தது.
சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள்.
ஐயர் திரும்பிப் பார்த்தார்.

சவுக்கடி ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.
என் வீட்டுக்காரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.
நான் அழவில்லை.
ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திசையன்விளை பஜாரில் இருபத்தாறு வருஷமாக
இரும்புக்கடை.
ஒன்றரை இஞ்சா, இரண்டரையா, நாலா, ஆறா,
கண்ணைக் கட்டிவிட்டாலும் விரல் சொல்லும்.
படத்தில் வந்தது பட்டறையில் அடித்த சதுர ஆணி,
சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.
அடி எண்ணினேன். வலது கைக்கு மூன்று,
இடது கைக்கு நாலு.
காலுக்கு எண்ண முடியவில்லை, ஜெனரேட்டர் இருமியது.

அடிக்கிறவன் பைக்குள் கைவிட்டு
ஆணியைப் பார்க்காமலே எடுத்தான்.
அங்கேதான் எனக்கு வேர்த்தது.
அப்படித்தான் நானும் எடுப்பேன்.
சாக்குக்குள் கை, தராசில் கொட்டு, பேப்பரில் மடி,
அடுத்த ஆள்.

யூதாசுக்குப் பேர் இருக்கிறது.
பிலாத்துவை விசுவாசப்பிரமாணத்திலேயே வைத்து
ஞாயிறுதோறும் சொல்லுகிறோம்.
அந்த ஆணியை விற்றவனை
நாலு சுவிசேஷக்காரரும் விட்டுவிட்டார்கள்.
எருசலேம் கடைத்தெருவில் பஸ்கா கூட்டம்,
சில்லறைத் தட்டுப்பாடு இருந்திருக்கும்.
எதற்கு என்று அவன் கேட்டிருக்கமாட்டான்.

நான் கேட்டேன்.
அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

போன சித்திரையில் ஒரு பையன்.
மீசை வருவதா வேண்டாமா என்று யோசிக்கிற வயசு.
அருவா வேணும் அண்ணாச்சி.
எதுக்குல?
உடைமுள்ளு வெட்டணும்.
கட்டைவிரலால் வாயைத் தடவிப் பார்த்தான்.
பத்து ரூபாய் குறைத்துக் கொடுத்தேன்.
நாலாம் நாள்
விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கிய வெஸ்லினை

போலீஸ் வந்து கேட்டபோது
மாசம் முப்பது போகும் சார், யாருன்னு கண்டேன், என்றேன்.
பொய் இல்லை.
கிரீஸ் பட்ட கை என்று
குழாயடியில் நெடுநேரம் கழுவினேன்.

வெஸ்லினுடைய அம்மா சொர்ணபாய்
எனக்கு மூன்று பாய் தள்ளி முன்னால் இருந்தாள்.
படத்து மரியாள் மண்ணை அள்ளிக் கதறினாள்.
எல்லாரும் முகத்தை மூடிக்கொண்டோம்.
சொர்ணபாய் மூடவில்லை.
சம்மணம் மாற்றாமல்,
மடியில் தூங்கிப்போன யாரோ ஒரு பிள்ளைக்குக்
கொசு விரட்டிக்கொண்டிருந்தாள்.

உயிர்த்தெழுதல் இரண்டே நிமிஷம்.
அதற்குள் பாதிப்பேர் பாயைச் சுருட்டிவிட்டார்கள்.
கல் புரண்டது. வெளிச்சம்.
நீட்டிய கையில் ஓட்டை அப்படியே இருந்தது.

ஆணியைப் பிடுங்கினால் மரத்தில் ஓட்டை நிற்கும்.
அடைக்க மக்கு விற்கிறேன், டப்பா எண்பது ரூபாய்,
மேலே பெயிண்ட் அடித்தால் தெரியாது.
மரணத்தையே ஜெயித்தவருக்கு
அதை அடைக்கத் தெரியாதா?
தோமா வந்து விரல் விடட்டும் என்று
திறந்தே வைத்திருக்கிறார்.
என் விரலை எனக்குத் தெரியும்.
வைக்கப் பயம்.

பண்டிகை முடிந்த திங்கட்கிழமை
சொர்ணபாய் கடைக்கு வந்தாள்.
கான்கிரீட் ஆணி ஒண்ணு குடுங்க.
ஒண்ணா?
படம் மாட்ட ஒண்ணு போதும்லா.

பார்த்து எடுத்தேன், முதன்முறையாக.
வளைவு இருக்கிறதா, துரு இருக்கிறதா,
கண்ணுக்கு நேரே பிடித்து,
ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றை.
காசு வேண்டாம் என்றேன்.
கடன் வச்சிட்டுப் போனா தூக்கம் வராது அண்ணாச்சி,
இரண்டு ரூபாயைத் தராசில் வைத்துவிட்டுப் போனாள்.

தெரிந்துதான் சொன்னாளா என்று தெரியவில்லை.
இன்னும் அதைக் கல்லாவில் போடவில்லை.
யார் வந்து எது கேட்டாலும்
முதலில் அந்தக் காசை எடுத்து
உள்ளங்கையில் வைத்துக்கொண்டுதான்
நிறுக்கிறேன்.