பென்சிலில் ஒரு பெயர்

திருவருகைக் காலத்து மூன்றாம் ஞாயிறு.
வருஷத்தில் இரண்டே நாள் பெட்டியைவிட்டு வெளியே வரும்
ரோஸ் நிறத் திருவுடையில் சாமியார்.
இரண்டாம் வாசகம் எனக்கு.

மைக்கைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு வாசிக்கிறேன்:
உழவன் ஒருவன் காத்திருக்கிறானாம்,
முதல் மழைக்கும் கடைசி மழைக்கும்,
பொறுமையாக.

ஆண்கள் பக்கத்தில் யாரோ கனைத்தார்கள்.

கார் பொய்த்துப்போன வருஷம் இது.
பிசானத்துக்கு உழுதுபோட்டு நாற்பது நாளாயிற்று.
காலையில் பேப்பரைப் பிரித்ததும்
பாபநாசம் எத்தனை அடி, சேர்வலாறு எத்தனை அடி என்று
விரல்வைத்துப் பார்க்கிற ஆட்கள்.
அவர்களுக்கு முன்னால் நின்று
உழவனின் பொறுமையை
நான் வாசிக்கிறேன்.
கூச்சமாக இருந்தது, ஆண்டவரே.

நானும் காத்திருக்கிறவள்தான்.
ஏழு வருஷம்.
ஆர்.சி. நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர்.
காலியிடம் சரி, நேர்காணல் சரி, நியமன உத்தரவு சரி,
அரசு ஒப்புதல் மட்டும் வரவில்லை.
நிர்வாகம் தரும் ஆறாயிரத்தில்
மாதம் இரண்டுமுறை சேரன்மகாதேவியிலிருந்து பஸ் ஏறி
பாளையங்கோட்டை ஆபீசில் போய் நிற்கிறேன்.
"ஃபைல் மேல போயிருக்கு, மேடம்."
நான் மேலே பார்க்கிறேன்.
ஃபேன் சுற்றுகிறது.
ஒருவேளை உம்மிடந்தான் வந்திருக்கிறதோ என்று
ஒருநாள் நினைத்து
அங்கேயே சிரித்துவிட்டேன்.
போன மாதம் திரும்பி வந்தது.
ஞானஸ்நானச் சான்றில் பிரிஸ்கா,
பத்தாம் வகுப்புச் சான்றில் பிரிசுகா.
ஒரு புள்ளி இல்லாததற்கு
இன்னும் எத்தனை மழை?

பிரசங்கம் தொடங்கிய நாலாவது நிமிஷம்
அருளப்பனின் சட்டைப்பையில் போன் துடித்தது.
குனிந்து கேட்டார். நிமிர்ந்தார்.
"தண்ணி வந்துட்டுடே."
ரகசியமாகச் சொன்னதாகத்தான் அவர் நினைப்பு.
முதலில் அவர்,
பிறகு தொம்மை, பிறகு மரியசெல்வமும் மச்சினனும்,
ஒவ்வொருவராய் முழங்கால் மடக்கி, சிலுவை போட்டு,
வாசல்வரைக்கும் பக்தியாக நடந்து
அப்புறம் ஓட்டம்.
பைக்குகள் கிளம்பும் சத்தம் அடங்கும்வரை
சாமியார் பேசாமல் நின்றார்.
பொறுமையைப் பற்றி இன்னும் மூன்று பக்கம்
கையில் இருந்திருக்கும்.
மடித்து வைத்துவிட்டு
"விசுவாசப் பிரமாணம் சொல்லுவோம்" என்றார்.

எல்லோரும் சிரித்தோம்.
எனக்கு உள்ளே வந்தது வேறு.
பொறுமைக்கும் பொறாமைக்கும் நடுவில்
ஒரு கால்தான் இருக்கிறது, ஆண்டவரே.
கன்னடியன் காலில் அவர்களுக்குத் தண்ணீர் ஓடியபோது
நான் அதைத் தாண்டிவிட்டேன்.
நன்மை வாங்கப் போகவில்லை.
பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

திங்கள்.
ஆசிரியர் வருகைப் பதிவேட்டில்
பத்துப் பெயர் மையில்.
பதினொன்றாவது பென்சிலில்.
ஆய்வுக்கு அதிகாரி வந்தால்
லிகோரியா சிஸ்டர் என்னை அழிப்பார்.
ஜீப் கிளம்பியதும் திரும்ப எழுதுவார்,
ஸ்கேல் வைத்து, என்னைப் பார்க்காமல்.
அழித்தழித்து அந்த இடத்தில்
தாள் மெலிந்துபோயிருக்கிறது.
இன்று கையெழுத்துப் போடத் தூக்கியபோது
ஜன்னல் வெளிச்சம் அதன்வழியே
என் விரல்மேல் விழுந்தது.
அற்புதம் என்று சொல்லமாட்டேன்.
தாள் மெலிந்தால் வெளிச்சம் வரும், அவ்வளவுதான்.
ஆனாலும் கையை உடனே எடுக்கவில்லை.

மை வேண்டும்தான், ஆண்டவரே,
மறைக்க என்ன இருக்கிறது.
அதுவரைக்கும்
பென்சிலில் இருப்பதையும் நீர் வாசிப்பீர் என்று
வைத்துக்கொள்கிறேன்.
சில நாள் வைத்துக்கொள்ள முடிவதில்லை.
அந்த நாட்களிலும் மணி அடிக்கிறது,
நான் வகுப்புக்குப் போய்விடுகிறேன்.

ஏழாம் வகுப்பு, பின்னங்கள்.
பாதிப் பிள்ளைகள் வரவில்லை,
வயலில் நிற்பார்கள்.
வந்த பதினான்கு பேரில்
மூன்று பேர் காலில் காயாத சேறு.
வராதவர்களுக்கும் ஒரு கட்டம் விட்டு
பெயர் கூப்பிட்டு, பேனாவைத் திறந்து,
ஒவ்வொன்றையும்
மையில் குறிக்கிறேன்.