பாதுகாப்புக்காக

அதிகாலை மூன்று பத்துக்கு
துறைமுகக் காவலர் சிக்வால்டி கூப்பிட்டார்.
"உங்கள் திரையைப் பார்த்தால்
நான் இந்நேரம் மூழ்கியிருக்க வேண்டும்.
அலை உயரம் ஒன்பது புள்ளி நான்கு மீட்டராம்.
கடலோ என் பூட்ஸுக்குக் கீழே
பனிக்கட்டியை மென்றுகொண்டு கிடக்கிறது.
சங்கை ஊதவா, வேண்டாமா?"

ஊத வேண்டாம் என்றேன்.
சொன்ன பிறகுதான் கை நடுங்கியது.

அகுரேரியில் டிசம்பர்.
ஜன்னலில் என் முகத்தைத் தவிர எதுவுமில்லை.

ஒன்பது புள்ளி நான்கு.
எங்கோ பார்த்த எண்.
ஃபியோர்டின் எதிர்க்கரையில் ஒரு மீன் பண்ணை.
தொட்டித் தண்ணீரின் சூடு
இரவெல்லாம் அசையாமல் ஒன்பது புள்ளி நான்கு டிகிரி.
மீன்களின் வெதுவெதுப்பை
அலையின் உயரமென்று வாசித்திருக்கிறது
என் நூலகம்.

கெர்னல் யாருக்கும் பொருளைத் தருவதில்லை.
ஓர் எண்ணைத் தரும்.
ஏழு என்னும். வைத்துக்கொள் என்னும்.
நம் கையில் இருப்பது கதவு அல்ல,
கதவின் பிடி;
பிடியில் பெயர் எழுதியிருக்காது.
நாம் விட்டதும் அடுத்து வருபவருக்கு
அதே ஏழு, கைச்சூடு ஆறுமுன்.

பதிவேட்டைக் கீழிருந்து மேலாகப் படித்தேன்.
மேலிருந்து எழுதுகிறேன்:

மலைச்சாலைக் கேமரா ஏழை மூடியது.
அலைமானி திறந்தது. ஏழு கிடைத்தது.
கேமரா மறுபடியும் ஏழை மூடியது.
பண்ணை திறந்தது. அதற்கும் ஏழு.
ஒரு மில்லிநொடிகூட ஆகவில்லை.
எவரும் பிழை என்று கத்தவில்லை.
எல்லாம் வெற்றி, வெற்றி, வெற்றி, வெற்றி.
தன் கதவை யாரோ சாத்திவிட்டது தெரியாத அலைமானி
பழைய பிடியைத் திருகி
அடுத்த வீட்டுக்குள் போய்
அங்கிருந்ததை அளந்து சொன்னது.
அது சொன்னதில் பொய்யே இல்லை.

இரண்டாவது மூடல் இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில்.
பக்கத்தில் ஒரு குறிப்பு:
பாதுகாப்புக்காக இன்னொரு முறை.

எழுதியவர் யாரென்று கேட்டேன்.
ஆறு வருடத்துக்கு முன்,
மார்ச், வெள்ளிக்கிழமை, மாலை நான்கு ஐம்பத்திரண்டு.
ஹல்பெரா.
நான்தான்.

வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து
இழுத்துப் பார்க்கிறவள் நான்.
இழுப்பதால் வீடு வேறொருவருடையதாகிவிடாது.
இங்கே ஆகிவிடும்.
கைவிட்டதை மறுபடி கைவிட்டால்
இன்னொருவர் கையைப் பிரிக்கிறோம்.

ஆகவே எண்ணோடு ஒரு தலைமுறையும் சேர்த்தேன்:
ஏழு, ஆனால் நாற்பதாம் ஏழு.
முப்பத்தொன்பதாம் ஏழோடு வருபவரை
வாசலிலேயே நிறுத்தும்படி.
மூடும் உரிமை ஒருவருக்கே.
கைமாற்றினால் கொடுத்த கை காலி;
காலிக் கை எத்தனை முறை மூடினாலும்
ஒன்றும் மூடாது.

எட்டு மணிக்கு, இன்னும் இருட்டுதான்,
ஈவர் தலையில் பனியோடு வந்து படித்தான்.
"தலைமுறைக்குப் பதினாறு பிட்தானா?
அறுபத்தையாயிரத்துச் சொச்சம் கைமாறினால்
செத்த பிடி உயிரோடு திரும்பும்."
அவனைப் பிடிக்காமல் போவது
இப்படிப்பட்ட காலைகளில்தான்.
முப்பத்திரண்டாக்கினேன்.
அதுவும் ஒருநாள் தீரும்.
தீர்ந்த இடத்தை இனி யாருக்கும் தராதே,
காலியாகவே கிடக்கட்டும் என்று
மேலும் மூன்று வரி.

குறிப்பை அழிக்கும்போது
அந்த வெள்ளிக்கிழமைக்காரியின்மேல் கோபமே வரவில்லை.
கோட்டைக்கூட மாட்டியிருப்பாள்.

சிக்வால்டிக்கு ஒன்று புள்ளி ஒன்று என்றேன்.
எட்டிப் பார்த்திருப்பார்.
கொஞ்ச நேரம் காற்று மட்டும் கேட்டது.
"இருக்கும்" என்றார்.

வெளியே வந்து கதவைப் பூட்டினேன்.
இழுத்துப் பார்த்தேன்.