மும்முனை மின்சாரம்

முதல் ஆல்பத்தில் கத்தினோம்.
இரண்டாவதில் இன்னும் வேகமாகக் கத்தினோம்,
இடையிடையே கணக்குப் போட்டபடி.
மூன்றாவதற்கு
கூத்தாநல்லூர் தாண்டி மூடிக்கிடந்த அரைவை மில்லின்
தவிட்டுக் கிடங்கை வாடகைக்கு எடுத்தோம்.
சிம்பலைத் தட்டினால் உமித்தூசு எழும்.
இன்னாசி இருமுவான்.
அவன்தான் எங்கள் உறுமல்.

அந்த ஆனியில் வெண்ணாறு வெறும் மணல்.
இரவு பத்துக்கு மும்முனை மின்சாரம் வரும்.
சுவருக்கு அப்பால் போர்செட் மோட்டார்
ஒரு முனகலோடு பிடித்துக்கொண்டால்
விடியும்வரை விடாது.
ஆம்ப்ளிஃபயர் அத்தனையிலும் வந்து உட்கார்ந்தது அது.

கேபிள் மாற்றினோம்.
எர்த் குழியில் உப்பும் கரியும் கொட்டினோம்.
மோட்டாரை நிறுத்தச் சொல்லப் போன நஜ்முதீன்
நாற்றங்காலைப் பார்த்துவிட்டு
ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்தான்.

ஏழாம் இரவு
செங்கொடி தன் பேஸின் தடித்த கம்பியை இறக்கினாள்.
இன்னும் இறக்கினாள்.
ஜி-க்கு ஒரு மயிரிழை மேலே,
ட்யூனர் சிவப்பிலேயே கண்சிமிட்டும் இடம்.
கம்பியும் மோட்டாரும் மோதி எழுந்த துடிப்பு
மெதுவாகி
இன்னும் மெதுவாகி
நின்றது.

பிறகு நான்கு நிமிடம் யாரும் கை வைக்கவில்லை.
அது அப்படியே பாட்டில் இருக்கிறது.
நான் ஏழு கம்பியில் மூன்றை மறந்துபோனேன்.
நஜ்மு பதிமூன்றை ஐந்து, ஐந்து, மூன்றாக உடைத்து
காலால் மட்டும் நடந்தான்.
இன்னாசி உறுமவேயில்லை.
போர் போடுகிறவன் குழாய் எண்ணுவதுபோல்
நூற்றி அறுபது என்றான்,
நூற்றி எண்பது என்றான்,
இருநூற்றி இருபதில்
குரல் உப்புக் கரித்தது.

சென்னையிலிருந்து மிக்ஸிங் செய்கிறவர் கூப்பிட்டார்:
ஹம் நிறைய இருக்கு ப்ரோ, எடுத்திரவா?
செங்கொடி போனை வாங்கினாள்.
எடுத்தீங்கன்னா
நாங்க எல்லாருமே அபஸ்வரம்.

மாயவரத்தில் வாசித்து முடித்து
வயர் சுற்றிக்கொண்டிருந்தேன்.
கறுப்புச் சட்டைப் பையன் ஒருவன்,
முதல் ஆல்பத்தை முதுகில் அச்சடித்தவன்,
வந்து நின்றான்.
சாஃப்ட் ஆயிட்டீங்கண்ணே என்றான்.
நான் சுற்றிக்கொண்டே இருந்தேன்.
அவன் போகவில்லை.
சரி, கடைசிப் பாட்டு மட்டும் ஏன் நொண்டுது,
சாய வந்த இடத்துல செவுரு இல்லாத மாதிரி?

அன்னைக்கு ராத்திரி
ஆத்துல தண்ணி வந்துருச்சுப்பா.
மோட்டார நிறுத்திட்டாங்க.