இருபத்தைந்து வினாடிக்கு ஒருமுறை

வீடு துணுக்காயில். வேலை வவுனியாவில்.
இடையில் அறுபது சொச்சம் கிலோமீற்றர்,
மாங்குளத்தில் ஒரு பஸ் மாறல்.
வெள்ளிக்கிழமைதான் போவேன்.

மின்மானிக்குக் கீழே றவுட்டர்,
நாலு பச்சைப் புள்ளி.
அது தொங்கிப்போனால்
சகாயநாதனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்:
பிளக்கைப் பிடுங்கிப் பத்து எண்ணுவது.
எட்டிலேயே குத்திவிடுவார்.

இங்கிருந்தே அதைப் பார்க்கலாமென்று
குருமன்காட்டு அறையில் ஒரு இரவு தொடங்கினேன்.
வாசல் ஒன்றைத் திறந்துவிட்டுத் தட்டிப் பார்த்தேன்.
பதில் இல்லை.
சிம் போட்ட றவுட்டருக்குச் சொந்த முகவரி கிடையாதாம்.
ஒரே இலக்கத்துக்குப் பின்னால்
எத்தனையோ வீடுகள் வரிசையில் நிற்கின்றனவாம்.
வெளியிலிருந்து யார் வந்து கேட்டாலும்
கொம்பனி சொல்லும்:
அப்படியொரு வீடு இல்லை.

சரி, வீடு என்னைக் கூப்பிடட்டும்.

சிங்கப்பூரில் ஒரு சிறு கணினியை வாடகைக்கு எடுத்தேன்,
கோழித்தீன் காசில் மிச்சம் பிடித்து.
வீடும் அங்கே வரும், நானும் அங்கே போவேன்,
மாங்குளம் சந்தியைப் போல.

திறப்பு இரண்டு.
ஒன்றைக் கோயில் ஒலிபெருக்கியில் வாசித்தாலும் குற்றமில்லை.
மற்றது, பிறந்த கருவியைவிட்டு வெளியே வரக்கூடாது.
நாற்பத்துநாலு எழுத்து, கடைசியில் ஒரு சமக்குறி,
விடை எழுதாமல் விட்ட கணக்குப்போல.
பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லையும் மாற்றினேன்.
புதியதை இந்தக் கவிதையிலும் எழுதமாட்டேன்.

முதல் இரவே சிங்கப்பூர்க் கதவில்
நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு தட்டல்.
அட்மின், ரூட், டெஸ்ட், மரியா,
யார் யாரோ, ஒவ்வொரு பெயராய்ச் சொல்லி.
நடுச்சாமத்தில் பெயர் சொல்லித் தட்டினால்
திறக்கக்கூடாதென்று
இந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை.
கடவுச்சொல்லால் நுழையும் வழியையே அடைத்தேன்.
திறப்பு உள்ளவர் மட்டும்.
தட்டல் நிற்கவில்லை.
எனக்கு நித்திரை வந்தது.

இப்போது இருபத்தைந்து வினாடிக்கு ஒருமுறை
வீடு ஒரு வெறும் பொட்டலம் அனுப்பும்.
உள்ளே ஒன்றும் இருக்காது,
இருக்கிறேன் என்பதைத் தவிர.
(சகாயநாதன் நாளுக்கு ஒருதரம்தான் எடுப்பார்,
அதுவும் கோழிக்கு வருத்தமென்றால்.)
திரையில் எழுதியிருக்கும்:
கடைசிக் கைகுலுக்கல், ஐம்பத்தொரு வினாடிக்கு முன்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, மழை.
கைகுலுக்கல், நாற்பது நிமிடத்துக்கு முன்.
மூன்று மணித்தியாலத்துக்கு முன்.
அவருடைய போனும் இல்லை.
கரண்ட் போயிருக்கும், தெரியும்.
தெரிந்துகொண்டே
அந்த எண் வளர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வெளியிலிருந்து செய்யக்கூடியது எதுவுமில்லை,
அப்படித்தான் நானே கட்டினேன்.
இரண்டு பத்துக்கு:
மூன்று வினாடிக்கு முன்.
எழும்பித் தண்ணீர் குடித்தேன்.

அதற்குப் பிறகுதான் பட்டியலைக் கவனித்தேன்.
அவர் போன், ரிவி, கோழிக்கூட்டுக் கமரா,
பெயரில்லாத ஒன்று.
பின்னேரம் ஏழிலிருந்து ஒன்பதுவரை, மெலிந்த சமிக்ஞை.
தடுக்கும் பொத்தான் பக்கத்திலேயே இருந்தது.
வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன்.
வேலியோரத் தேக்கங்கன்றடியில் வினோதிகாவின் மகன்,
முகத்தில் போன் வெளிச்சம், இரசாயனவியல் பாடம்.
“ஆர் பாஸ்வேர்ட் குடுத்தது?”
சகாயநாதன் கோழிகளைப் பார்த்தார்.

தனியாக ஒரு வலை கட்டினேன்.
அதிலிருந்து பாடம் தெரியும், எங்கள் வீடு தெரியாது.
‘வேலி’ என்று பெயர் வைத்தேன்.
சொல்லச் சொல்ல அவன் உள்ளங்கையில் எழுதினான்.
“அக்கா, இதை மற்றாக்களுக்குச் சொல்லலாமே?”
“கேட்டால் சொல்லு.”

திங்கள் இரவு, வவுனியாவிலிருந்து பார்த்தேன்.
வேலியில் ஐந்து கருவிகள்.
ஒன்று சகாயநாதனுடையது.
வீட்டுக் கடவுச்சொல் நீளமாம்.